ஐந்து லட்சம் பேர் வந்தார்கள், சரி. வராதவர்கள் யார்?

"காபி குடித்தால் ஆயுள் கூடுமாம், ஐந்து லட்சம் பேரிடம் நடத்திய ஆய்வு" என்ற மாதிரி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வந்தால், அந்த ஐந்து லட்சத்தைப் பார்த்ததுமே நம்மில் பலர் வாயடைத்துப் போவோம். அவ்வளவு பேரைப் பார்த்திருக்கிறார்கள், இதற்கு மேல் என்ன சந்தேகம்? ஆனால் உடல்நல சர்வேக்களைப் பொறுத்தவரை எத்தனை பேர் என்பது இரண்டாவது கேள்விதான். வந்தவர்கள் யார், வராதவர்கள் யார் என்பதை முதலில் கேட்க வேண்டும். கூப்பிட்டும் வராதவர்கள் எல்லாத் தெருவிலும் எல்லா வீட்டிலும் ஒரே அளவில் இருந்தால் பெரிய கவலை இல்லை, மிச்சம் இருப்பவர்களை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். அப்படி இருப்பதில்லை. பெரும்பாலான பணக்கார நாடுகளில், வருமானமும் படிப்பும் குறையக் குறைய சர்வேக்கு வருகிறவர்களும் குறைகிறார்கள். அதே வரிசையில் நோயோ கூடிக்கொண்டே போகிறது. ஆக, யாருடைய உடம்பைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ள வேண்டுமோ அவர்களைப் பற்றித்தான் நமக்குக் குறைவாகத் தெரிகிறது.

இதைத் தேர்வுச் சாய்வு என்பார்கள். பெயர் கிடக்கட்டும், ஒரு நிஜ உதாரணத்தில் பார்த்துவிடலாம்.

மேலே சொன்ன மாதிரிச் செய்திகள் பலவற்றுக்கு மூலம் பிரிட்டனின் யூகே பயோபேங்க் என்ற உடல்நல ஆய்வு. 2006 முதல் 2010 வரை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் சேர்த்து 22 மையங்கள் வைத்து ஆள் சேர்த்தார்கள். 40 முதல் 69 வயது வரை உள்ளவர்கள், அரசு மருத்துவ சேவையில் பதிவு செய்தவர்கள், ஏதாவது ஒரு மையத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்கள் என்று பார்த்து 92 லட்சம் பேருக்குக் கடிதம் அனுப்பினார்கள். வந்தவர்கள் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. நூற்றுக்கு ஐந்தரைப் பேர்! மீதிப் பேர் கடிதத்தைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார்கள், அல்லது கடிதம் அவர்கள் கைக்கே போய்ச் சேரவில்லை.

அந்த ஐந்தரையும் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே மாதிரி வரவில்லை. வசதியான பகுதிகளில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் வந்தார்கள், பின்தங்கிய பகுதிகளில் மூன்று பேர்தான். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். அறுபதைத் தாண்டியவர்கள் நிறைய, நாற்பதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம். வந்தவர்களை அதே வயதுடைய பொதுமக்களோடு ஒப்பிட்டு 2017இல் ஒரு கட்டுரை வந்தது. வந்தவர்களில் புகைப்பவர்கள் குறைவு, உடல் பருமன் உள்ளவர்கள் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, 70 முதல் 74 வயதில் இவர்களின் இறப்பு விகிதம் நாட்டு மக்களுடையதைவிட ஆண்களில் 46 சதவீதமும் பெண்களில் ஏறக்குறைய 56 சதவீதமும் குறைவாக இருந்தது. ஆய்வு மையத்துக்குப் போய் ரத்தம் கொடுத்ததால் ஆயுள் கூடிவிடவில்லை. உடம்பு நன்றாக இருப்பவர்கள், உடம்பைப் பற்றி அக்கறைப்பட நேரமும் காசும் உள்ளவர்கள்தான் முதலிலேயே வந்தார்கள், அவ்வளவுதான்.

ஏன் ஏழைகள் வரவில்லை? "அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சோம்பேறித்தனமான பதில் அது. அந்த மையத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். போனால் இரண்டு மூன்று மணி நேரம். ஒப்புதல் படிவம், தொடுதிரையில் நீண்ட கேள்விகள், ஒரு நர்ஸோடு நேர்காணல், ரத்த அழுத்தம், உயரம், எடை, கைப்பிடி வலிமை, மூச்சுத் திறன், கடைசியில் ரத்தமும் சிறுநீரும். போக்குவரத்துச் செலவைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், இழந்த கூலியை யாரும் தரமாட்டார்கள். மாதச் சம்பளக்காரருக்கு ஒரு அரைநாள் லீவு, முடிந்தது கதை. விடியற்காலையில் அலுவலகங்களைத் துடைத்துவிட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் இன்னொரு இடத்தில் வேலைக்குப் போகிற ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அந்த மூன்று மணி நேரம் எங்கிருந்து வரும்? லண்டனில் தமிழர்கள் அதிகம் இருக்கிற க்ராய்டனிலும் ஒரு மையம் இருந்தது. ஈழத்திலிருந்து போன, கடையில் நின்றபடியே நாள் முழுக்க உழைக்கிற ஒரு அண்ணன் ஆங்கிலத்தில் வந்த அந்தக் கடிதத்தை என்ன செய்திருப்பார் என்பதை யோசித்துப் பார்த்தால் கணக்குப் புரிந்துவிடும்.

இதோடு வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள் வேறு. கடிதம் பழைய முகவரிக்குப் போகும். ஏற்கெனவே நோயில் கிடப்பவரால் பஸ் ஏறி வர முடியாது. "ஏதாவது பெரிசாச் சொல்லிட்டா என்ன பண்றது" என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயம் யாருக்கும் உண்டுதான், ஆனால் நோய் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்ற நிலையில் இருப்பவருக்கு அது வெறும் பயம் இல்லை, கணக்கு. நம்பிக்கை என்பது இன்னொரு பெரிய விஷயம். அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில், டஸ்கிகீ என்ற ஊரில், 1932 முதல் 1972 வரை நாற்பது வருடம் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்த சுமார் 400 கறுப்பின ஆண்களுக்கு உரிய சிகிச்சை தராமல் நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தது அரசின் பொதுச் சுகாதாரத் துறை. அதைக் குணமாக்கும் பென்சிலின் பரவலாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகும் தரவில்லை. அந்தச் சமூகத்து ஆட்களிடம் போய் "ஆய்வுக்கு வாங்க, கொஞ்சம் ரத்தம் கொடுங்க" என்றால் தயங்காமல் என்ன செய்வார்கள்?

சரி, ஐந்து லட்சம் போதவில்லை என்றால் இன்னும் நிறையப் பேரைக் கேட்டால் சரியாகிவிடாதா? ஆகாது. கொரோனா காலத்தில் இது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. 2021 வசந்த காலத்தில் அமெரிக்காவில் எத்தனை சதவீதப் பெரியவர்கள் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள் என்று மூன்று சர்வேக்கள் தனித்தனியாகக் கணித்தன. ஒன்று, ஃபேஸ்புக் வழியாக கார்னகி மெலன் பல்கலைக்கழகம் நடத்தியது, வாரத்துக்கு இரண்டரை லட்சம் பேர். இரண்டாவது, அமெரிக்க சென்சஸ் பீரோவுடையது, இரண்டு வாரத்துக்கு எழுபத்தைந்தாயிரம் பேர். மூன்றாவது, ஆக்ஸியாஸ்-இப்ஸோஸ் என்ற சின்ன சர்வே, வெறும் ஆயிரம் பேர். மே மாதத்தில் அரசின் தடுப்பூசிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது ஃபேஸ்புக் சர்வே 17 சதவீதப் புள்ளி கூடுதலாகச் சொல்லியிருந்தது, சென்சஸ் சர்வே 14 புள்ளி கூடுதலாக. ஆயிரம் பேர் சர்வேதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருந்தது. அவர்கள் முகவரிப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஆளைத் தேர்ந்தெடுத்து, இணையம் இல்லாத வீட்டுக்கு டேப்லெட்டும் இணைய இணைப்பும் கொடுத்துக் கேட்டவர்கள். நேச்சர் இதழில் இதை அலசியவர்கள் போட்ட கணக்குப்படி, ஃபேஸ்புக்கின் இரண்டரை லட்சம் பதில்களின் மதிப்பு, சரியான குலுக்கலில் எடுத்த பத்துப் பேருக்குச் சமம். பத்தாயிரம் இல்லை, வெறும் பத்து. ஆள் கூடக்கூடத் தவறு குறைவதில்லை, தவறான விடை மேல் நமக்கு இருக்கும் தன்னம்பிக்கைதான் கூடுகிறது.

இந்த இடத்தில் புள்ளியியல் தெரிந்த நண்பர் யாராவது "எடை கொடுத்துச் சரி பண்ணிடுவாங்கப்பா" என்பார். அவர் சொல்வது பாதி சரி. எப்படி என்று ஒரு கற்பனை ஊரை வைத்துப் பார்க்கலாம்.

ஊரில் ஆயிரம் பேர். 500 பேர் வசதியானவர்கள், 500 பேர் ஏழைகள். வசதியானவர்களில் 10 சதவீதம் பேருக்குப் புகையிலைப் பழக்கம், ஏழைகளில் 30 சதவீதம் பேருக்கு. ஆக மொத்தம் 50ம் 150ம் சேர்ந்து 200 பேர், அதாவது 20 சதவீதம். இதுதான் உண்மை. இப்போது சர்வே போகிறது. வசதியானவர்களில் 300 பேர் பதில் சொல்கிறார்கள், ஏழைகளில் 100 பேர்தான். வசதியானவர்களில் 30 பேர், ஏழைகளில் 30 பேர், மொத்தம் 400இல் 60. சர்வே 15 சதவீதம் என்கிறது. ஊரில் இருவரும் சரிபாதி என்பது நமக்குத் தெரியும் என்பதால் ஏழைகளின் பதிலுக்கு மூன்று மடங்கு எடை கொடுக்கிறோம், விடை 20 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. அருமை.

ஆனால் அந்த 100 ஏழைகள் யார்? ஏழைகளிலும் கொஞ்சம் நிலையான வேலை உள்ளவர்கள், கொஞ்சம் படித்தவர்கள், உடம்பு தெம்பாக இருப்பவர்கள்தான் வந்திருப்பார்கள். அவர்களில் 30 பேருக்குப் பதிலாக 18 பேருக்குத்தான் புகையிலைப் பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 400இல் 48, அதாவது 12 சதவீதம். எடை கொடுத்தாலும் 14 சதவீதத்தைத் தாண்டாது. வந்த ஏழைகளை மூன்றால் பெருக்கினால் வந்தவர்கள்தான் பெருகுவார்கள், வராதவர்கள் வந்துவிட மாட்டார்கள். இதில் பலர் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது: ஊரில் ஏழைக்கும் வசதியானவருக்கும் நடுவே இருந்த உண்மையான இடைவெளி 20 புள்ளி, சர்வேயில் அது 8 புள்ளி. மொத்தச் சதவீதம் குறைந்ததைவிட எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. ஏற்றத்தாழ்வை அளக்கப் போன கருவியே ஏற்றத்தாழ்வைச் சுருக்கிக் காட்டுகிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு "இடைவெளி ஒன்றும் பெரிதாக இல்லையே" என்று ஒரு அதிகாரி ஃபைலை மூடலாம். மேலே சொன்ன அமெரிக்க சென்சஸ் சர்வேயில் படிப்பு, இனம் எல்லாம் பார்த்து முறையாக எடை கொடுத்துத்தான் இருந்தார்கள், அப்படியும் 14 புள்ளி பிசகியது.

வராதவர்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, அவர்கள் வரவே இல்லை என்றால் அவர்களைப் பற்றி எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. நார்வே, ஃபின்லாந்து மாதிரி நாடுகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாள எண் உண்டு, மருத்துவமனைப் பதிவும் இறப்புப் பதிவும் வரிக்கணக்கும் அந்த எண்ணோடு இருக்கும். சர்வேக்குக் கூப்பிட்ட எல்லோருடைய பட்டியலையும் பெயர் தெரியாமல் அந்தப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்தால் வராதவர்களின் கதி தெரிந்துவிடும். நார்வேயின் வடக்கு த்ரோண்டலாக் பகுதியில் ஹண்ட் என்று ஒரு ஆய்வு, பகுதியின் பெரியவர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டுத் திரும்பத் திரும்ப நடத்துவது. 1984இல் தொடங்கிய முதல் சுற்றில் நூற்றுக்கு 89 பேர் வந்தார்கள். 1995-97இல் அது 70ஐ ஒட்டி இறங்கியது, 2006-08இல் 54. வராதவர்களைப் பதிவுகளில் தேடிப் பார்த்தால் அவர்களிடம் வருமானமும் படிப்பும் குறைவு, நாள்பட்ட நோய்கள் அதிகம், இறப்பும் அதிகம். உலகத்திலேயே ஏற்றத்தாழ்வு குறைந்த நாடுகளில் ஒன்றில் இந்த நிலைமை.

அப்படியானால் இந்த ஆய்வுகளை எல்லாம் குப்பையில் போட்டுவிடலாமா என்றால், வேண்டாம். 1951இல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் பிரிட்டிஷ் டாக்டர்களுக்குப் புகைப்பழக்கம் பற்றிக் கேள்வித்தாள் அனுப்பினார்கள், மூன்றில் இரண்டு பங்குப் பேர், சுமார் 40,000 பேர், பதில் போட்டார்கள். டாக்டர்கள் மட்டும்! இதைவிட ஒருதலையான மாதிரி இருக்குமா? ஆனால் புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்று வருகிறது என்பதை உறுதிப்படுத்தியதில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. ஏனென்றால் டாக்டரின் நுரையீரலும் மூட்டை தூக்குபவரின் நுரையீரலும் புகையிடம் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன. "இது அதற்குக் காரணமா" என்ற கேள்விக்குச் சாய்ந்த மாதிரியும் பல நேரம் உதவும். "நாட்டில் எத்தனை பேருக்கு இருக்கிறது", "யாருக்கு அதிகம்" என்ற கேள்விகளுக்குத்தான் அது காலை வாரிவிடும். முதல் கேள்வியிலும் முழுசாக நிம்மதியாக இருக்க முடியாது. கொரோனா தொடக்கத்தில் புகைப்பவர்களுக்குக் கொரோனா குறைவாக வருகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது நினைவிருக்கிறதா? யாருக்கு டெஸ்ட் எடுத்தார்கள் என்பதே அந்தத் தோற்றத்தை உண்டாக்கியிருக்கலாம் என்று பின்னால் பல ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள்.

நம்ம ஊர் நிலவரம் இதிலிருந்து வேறு மாதிரி. இங்கே உடல்நலத்துக்குப் பெரிய சர்வே என்றால் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அதன் ஐந்தாவது சுற்று 2019-21இல் நடந்தது, தமிழ்நாட்டில் நடுவே லாக்டவுன் வந்து நின்று மறுபடியும் தொடங்கியது. நாடு முழுக்க 6,36,699 வீடுகள், 7,24,115 பெண்கள், 1,01,839 ஆண்கள். கடிதம் போட்டு மையத்துக்கு வரச் சொல்லும் வேலை இதில் இல்லை, கேட்பவர்களே வீடு தேடி வருகிறார்கள். அதனால் பங்கேற்பு விகிதத்தைப் பார்த்தால் ஐரோப்பாக்காரர்கள் பொறாமைப்படுவார்கள்: வீடுகளில் ஏறக்குறைய 98 சதவீதம், பெண்களில் 97, ஆண்களில் 92.

இங்கே ஏழை வீட்டுக் கதவுதான் எளிதில் திறக்கிறது. ஹவுஸிங் போர்டு குடியிருப்பில் "வாங்கக்கா, உக்காருங்க" என்று பாயை விரித்து, நடுவில் அடுப்பையும் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் பதில் சொல்வார்கள், விரலில் ஊசி குத்தக் கையையும் நீட்டுவார்கள். ரேஷனுக்கோ வேறு எதற்கோ உதவும் என்ற நம்பிக்கையும் அதில் சில சமயம் கலந்திருக்கும். கேட் போட்ட அபார்ட்மெண்டில் முதலில் செக்யூரிட்டி ரெஜிஸ்டரில் கையெழுத்து, அப்புறம் இன்டர்காம், அப்புறம் "அசோசியேஷன் செகரட்டரிகிட்ட பர்மிஷன் வாங்கிட்டு வாங்க", செகரட்டரி ஊரில் இருக்க மாட்டார். அரசு முத்திரை போட்ட அடையாள அட்டையும் பல நேரம் அங்கே எடுபடாது. ஆக, பிரிட்டனில் ஏழை நழுவுகிறார் என்றால் நம் நகரங்களில் மேல்தட்டும் நழுவுகிறது.

இதனால் ஏழைகள் எல்லோரும் கணக்கில் வந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அடிமட்டத்தில் இருப்பவர்கள் மறுப்பதற்கு முன்பே பட்டியலில் இருந்து விழுந்துவிடுகிறார்கள். இது வீடு வீடாகப் போகிற சர்வே, வீடே இல்லாமல் பிளாட்பாரத்தில் படுப்பவர் இதில் வரமாட்டார். விடுதி, காப்பகம், சிறை மாதிரி இடங்களில் இருப்பவர்களும் வரமாட்டார்கள். எந்தத் தெருவுக்கு, எந்தக் கிராமத்துக்குப் போவது என்று தேர்ந்தெடுத்த அடிப்படை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2021இல் வர வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு தள்ளிப்போனது. இந்த இடைவெளியில் சென்னையின் ஓஎம்ஆர் சாலைப் பக்கம் முளைத்த கட்டடங்களையும், அவற்றின் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளர்களையும் பழைய பட்டியலைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் தவறவிட எல்லா வாய்ப்பும் உண்டு. தெருவில் இருக்கிற வீடுகளைப் புதிதாகப் பட்டியல் போட்டுக்கொண்டுதான் தொடங்குகிறார்கள் என்றாலும், ஆறு மாதத்தில் இடம் மாறும் கொட்டகை வீடாகப் பட்டியலில் ஏறுமா என்பது போகிறவரின் கண்ணைப் பொறுத்தது. அப்புறம் பதில் சொல்லக் கிடைக்காத அந்த எட்டு சதவீத ஆண்கள். பகல் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் கொத்தனார் சித்தாள் வேலைக்குப் போனவர், கடலுக்குப் போனவர், லாரி ஓட்டிக்கொண்டு நாசிக்கில் இருப்பவர் எப்படிக் கிடைப்பார்கள்? திரும்பத் திரும்பப் போகச் சொல்லி விதி இருக்கிறது, போகவும் செய்கிறார்கள். ஆனாலும் சிலர் சிக்குவதில்லை.

போனில் கேட்கும் சர்வே என்றால் நிலைமை இன்னும் மோசம். தானே பயன்படுத்தும் செல்போன் வைத்திருக்கும் பெண்கள் நாட்டில் 54 சதவீதம்தான் என்று இதே ஐந்தாவது சுற்று சொல்கிறது. மற்றப் பெண்களைத் தேடி வீட்டு எண்ணுக்குப் போன் அடித்தால் எடுப்பவர் கணவராகவோ மகனாகவோ இருப்பார், மனைவிக்கு ரத்தசோகை இருக்கிறதா என்பதற்கு அவர் சொல்லும் பதில்தான் பதிவாகும்.

இதற்கெல்லாம் வழியே இல்லையா? இருக்கிறது, காசு செலவாகும். அமெரிக்காவின் தேசிய உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் பரிசோதனைக் கூடத்தையே பெரிய டிரெய்லர் வண்டிகளில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்கள், வந்தவர்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள், கறுப்பினத்தவர்களையும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரையும் ஏழைகளையும் அவர்கள் எண்ணிக்கைக்கு அதிகமாகவே தேர்ந்தெடுத்து வந்தார்கள். அப்படியும் 2017-18 சுற்றில் பரிசோதனைக்கு வந்தவர்கள் பாதிக்கும் கீழே. இதைச் செய்யாவிட்டால் எங்கே போய் நின்றிருக்கும் என்று யோசியுங்கள். என்னைக் கேட்டால், மேலும் பத்தாயிரம் பேரைச் சேர்க்கும் காசை, வராத ஐந்நூறு பேரின் வீட்டுக்கு இரவு எட்டு மணிக்கு மேல், அவர்கள் மொழி பேசும் ஆளை அனுப்புவதில் போடுவேன், ஒரு நாள் கூலியையும் கையில் கொடுத்து. கூலி கொடுப்பது ஆசை காட்டுவது ஆகாதா என்று சிலர் கேட்கிறார்கள். மூன்று மணி நேரத்தை இலவசமாகக் கேட்பது மட்டும் நியாயமா?

அடுத்த முறை "லட்சக்கணக்கானோரிடம் ஆய்வு" என்று செய்தி வந்தால், முடிந்தால் மூலக் கட்டுரையில் செய்முறை என்ற பகுதிக்குப் போங்கள். எத்தனை பேரைக் கூப்பிட்டார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்ற இரண்டு எண்ணும் அங்கே இருக்க வேண்டும். வந்தவர்களின் படிப்பும் வருமானமும் நாட்டு மக்களுடையதோடு ஒப்பிட்டு ஒரு அட்டவணை இருந்தால் அந்த ஆய்வாளர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நம் குடும்பநலக் கணக்கெடுப்பு அறிக்கையிலும் நகரம், கிராமம், மாநிலம் வாரியாகப் பங்கேற்பு விகிதம் கொடுத்திருக்கிறார்கள், யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. கூப்பிட்டவர்களின் எண்ணிக்கையையே ஒரு ஆய்வு சொல்லவில்லை என்றால், அதில் வரும் சதவீதங்களை நான் அந்த ஆய்வுக்கு வந்தவர்களைப் பற்றிய செய்தியாக மட்டும்தான் எடுத்துக்கொள்வேன்.